மூன்று சிடி படம்

மலேசியாவின் புக்கிட் ரோத்தான், ஈஜோக் பக்கத்துத் தோட்ட வீடுகளில் ஒரு காலத்தில் சாமி மேடைக்கு அடுத்த மரியாதை விசிடி அலமாரிக்குத்தான். ஒரு சிடியில் 74 நிமிடம் அடங்கும். 1999இல் வந்த ‘படையப்பா’ மூன்று மணி நேரம், ஆக மூன்று சிடி. சூடு பிடிக்கிற இடத்தில் படம் நிற்கும். சிடி மாற்றுவதற்குள் அடுப்பில் பால் கலக்காத தே ஓவுக்குத் தண்ணீர் ஏறிவிடும்.

சிடியைத் துடைப்பது தனிக் கலை. நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக இழுக்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் கீறல் தடத்தோடே ஓடும், பிளேயர் திணறும்.

விசிடியில் படம் 352க்கு 288 புள்ளிதான், முகமெல்லாம் கட்டங்கட்டமாக உடையும். ஸ்ட்ரீமிங்கில் படம் பளிச்சென்று இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் உரிமம் முடிந்தால் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறதே! சிடியைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் தரலாம். திரும்பி வருமா என்பது வேறு கதை.