லல்லாவின் வாக்குகளும் தமிழ்ச் சைவச் சொற்களும்: காஷ்மீர மரபை மொழிபெயர்ப்பதில் ஒரு சிக்கல்

காஷ்மீர நாட்டின் பழமையை அறியப் புகுவோர் பெரும்பாலும் கல்ஹணரின் இராஜதரங்கிணியிலிருந்தே தொடங்குவர். கி.பி. 1148-49இல் வடமொழியில் இயற்றப்பட்ட அந்நூல் அரசர் வரிசையைக் கூறுவது. ஜோனராஜர், ஸ்ரீவரர் முதலியோர் அதற்கு எழுதிய தொடர்ச்சிகளும் அத்தகையனவே. 1900இல் வெளிவந்த ஆரல் ஸ்டைனின் ஆங்கில மொழிபெயர்ப்பும் 1935இல் வெளிவந்த ரஞ்சித் சீதாராம் பண்டிட்டின் மொழிபெயர்ப்பும் இந்நூலைப் பலரறியச் செய்தன. எனினும், ஷா மீர் மரபினரின் ஆட்சி 1339இல் தொடங்கியதை ஒட்டி அந்நாட்டுப் பொதுமக்களின் சமய வாழ்வில் நேர்ந்த மாற்றங்களை அறிய இவ்வரசவை நூல்கள் போதா. 14ஆம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் லல்லாவின் பெயரை 1459இல் மறைந்த ஜோனராஜரும் குறிப்பிடவில்லை. அவருக்குப் பின்வந்த ஸ்ரீவரரும் குறிப்பிடவில்லை. ஏடு விட்டுவிட்ட அவரை மக்கள் நாவே காத்துவந்தது.

பண்டிதர் வழக்கில் அவர் லல்லேஸ்வரி. முஸ்லிம் வழக்கில் லல்லா ஆரிஃபா. இரு சாராருக்கும் பொதுவாக லல் தெத். 'தெத்' என்பது மூத்த தாயைக் குறிக்கும் உறவுச்சொல். அவருடைய பாடல்களுக்கு 'வாக்' என்று பெயர். இது வாக்கியம் என்பதன் திரிபு. அவருக்கு அடுத்த தலைமுறையினராகக் கருதப்படும் ஷேக் நூருத்தீன், மக்கள் வழக்கில் நுந்த ரிஷி எனப்படுவார். அவர் பாடல்களுக்கு 'ஷ்ருக்' என்று பெயர். இது சுலோகம் என்பதன் திரிபு. அவர் வழிவந்த முஸ்லிம் துறவியர் தம்மை 'ரேஷி' என்றே அழைத்துக்கொண்டனர். ஒரு நாடு புதிய சமயத்தை ஏற்றபோது, துறவிக்கும் பாட்டுக்கும் பழைய சொற்களையே வைத்துக்கொண்டமை மொழியியலார் கருதத்தக்கது. இச்சொற்களை வடமொழிச் சொற்கள் என்று மட்டும் கொள்வோர் பின்னைய ஐந்நூறு ஆண்டு வழக்கைக் காணத் தவறுவர். இஸ்லாமியச் சொற்கள் என்று மட்டும் கொள்வோர் அவற்றின் முன்வரலாற்றைக் காணத் தவறுவர்.

லல்லாவை முதலில் மொழிபெயர்த்தவர்களுள் ஒருவர் இராஜானக பாஸ்கரர். அவர் 60 வாக்குகளை வடமொழிச் செய்யுளாக்கினார். அம்மொழிபெயர்ப்பில் கோட்பாடு தெளிவாகிறது. பேசும் பெண்ணின் குரல் மறைகிறது. அடுத்த பெருமுயற்சி 1920இல் கிரியர்சனும் பார்னெட்டும் வெளியிட்ட லல்லாவாக்யானி. தக்க சுவடி கிடைக்காத நிலையில், கிரியர்சனின் பொருட்டு முகுந்தராம சாஸ்திரி குஷ் என்னும் சிற்றூரில் வாழ்ந்த முதியவரான தருமதாச தர்வேஷ் என்பவரிடம் கேட்டு எழுதியதே அப்பதிப்பின் அடிப்படை. அதில் 109 பாடல்கள் உள்ளன. ஓர் அந்தணரின் பெயரோடு 'தர்வேஷ்' என்னும் பாரசீகச் சொல் ஒட்டிநின்றதே அந்நாட்டு வரலாற்றின் ஒரு துளி. வாய்மொழியாக வந்தமையால் பாடல்களின் மொழி தலைமுறைதோறும் புதுப்பிக்கப்பட்டுள்ளது. யாப்பு தடுத்த இடங்களில் மட்டும் பழைய வடிவங்கள் எஞ்சியுள்ளன. சிதிகண்டரின் மகாநயப்பிரகாசத்தில் காணப்படும் பழங்காஷ்மீரியோடு ஒப்பிடின் இவ்வேறுபாடு விளங்கும்.

1924இல் டெம்பிள் வெளியிட்ட நூலில் லல்லாவைச் சூழ்ந்த தத்துவங்களின் விரிவுரை பாடல்களை அமிழ்த்திவிடுகிறது. ஜயலால் கௌல் பாடபேதங்களைச் சலித்தெடுத்து வேண்டாதவற்றை நீக்க முயன்றார். 2011இல் 146 பாடல்களை ஆங்கிலமாக்கிய ரஞ்சித் ஹொஸ்கொட்டே, லல்லா என்னும் பெயரின்கீழ் பல நூற்றாண்டுகளில் பலரும் பாடியிருத்தல் வேண்டும் என்றார். பாட வரலாற்றை நோக்க இக்கருத்து ஏற்புடையதே. சித்தர் பாடல்களின் வரலாற்றை அறிந்த தமிழர்க்கு இது வியப்பளிக்காது. அவருடைய மொழிபெயர்ப்பு டெம்பிளின் அலங்காரத்தைக் களைந்து பாடலின் சுருக்கத்தை மீட்டது என்பதும் மறுத்தற்கில்லை.

இனித் தமிழில் லல்லாவைப் பெயர்ப்பது பற்றி நோக்கலாம். சைவச் சொல்வளம் மிக்க தமிழுக்கு இப்பணி எளிதெனத் தோன்றும். உண்மையில் அவ்வளமே பெருந்தடையாகிறது. காரணம் வரலாற்றில் உள்ளது. காஷ்மீரத்தில் அபிநவகுப்தரின் அத்துவித சைவம் மட்டுமே இருந்தது எனக் கருதுவது பிழை. 10ஆம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த பட்ட ராமகண்டர் துவித நோக்குடைய சித்தாந்த ஆசிரியர். அவ்வழியைப் பின்பற்றித் தமிழகத்தில் 12ஆம் நூற்றாண்டில் அகோரசிவாசாரியார் உரைகள் எழுதினார். மறுபுறம், அபிநவகுப்தரிடம் பயில மதுரையிலிருந்து மதுராஜ யோகி சென்றார். காஷ்மீரத்துக் கிரம நெறியைத் தழுவிய மகார்த்தமஞ்சரியை மகேஸ்வரானந்தர் இயற்றியது சிதம்பரத்தில். ஆக, காஷ்மீரத்துச் சைவத்துக்கும் தமிழ்ச் சைவத்துக்கும் பொதுவான சொற்கள் தற்செயலாக ஒத்தவை அல்ல. ஒரே கிடங்கிலிருந்து இரு நாடுகளும் எடுத்துக்கொண்டவை. எடுத்துக்கொண்ட பின் அவை வெவ்வேறு பொருளில் வளர்ந்தன.

'மலம்' என்னும் சொல்லை முதலில் எடுத்துக்கொள்ளலாம். ஆணவம், கன்மம், மாயை என்னும் மூன்றும் இரு மரபிலும் உண்டு. சித்தாந்தத்தில் ஆணவமலம் ஒரு பொருள். செம்பிற் களிம்புபோல் உயிரை அநாதியே பற்றியது. முத்தியிலும் அது அழிவதில்லை; அதன் சத்தி மட்டும் மடங்கும். அதுவும் இறைவன் அருளால் நிகழ்வதன்றி உயிரின் தன் முயற்சியால் நிகழ்வதன்று. காஷ்மீர அத்துவித சைவத்திலோ மலம் என்பது அறியாமை, அறிவின் சுருக்கம். அறிவு விரிந்தவிடத்து அது இல்லை. லல்லா தம் நெஞ்சின் மலத்தைத் தாமே எரித்ததாகப் பேசுகிறார். அதனைத் தமிழில் 'மலம் எரித்தேன்' என எழுதினால், சிவஞானபோதம் பயின்றவர்க்கு அது கோட்பாட்டுப் பிழையாகப் படும். பயிலாதவர்க்கு அச்சொல் நினைவூட்டும் பொருளைச் சொல்லவேண்டியதில்லை. 'மாசு' அல்லது 'அழுக்கு' என்பதே இங்குப் பொருந்தும். கலைச்சொல்லைக் கைவிடுவது இழப்புத்தான். ஆயினும் லல்லா பேசுவது மடத்தில் அமர்ந்த ஆசிரியரின் மொழியில் அன்று.

'சகசம்' இதனினும் நுட்பமானது. லல்லாவின் வாக்குகளில் 'சஹஜம்' அடையவேண்டிய நிலை. ஆன்மாவின் கலப்பற்ற தன்னியல்பு. தமிழ்ச் சித்தாந்தத்தில் 'சகசமலம்' என்பது ஆணவத்தின் பெயர், உடன்பிறந்த குற்றம். பிறப்போடு வந்தது என்னும் வேர்ப்பொருள் இரண்டிடத்தும் ஒன்றே. அங்கு உடன்வந்தது சிவம். இங்கு உடன்வந்தது இருள். ஓர் எழுத்தும் மாறாத ஒரு சொல் இருவேறு சமய நோக்குகளை நேரெதிராகத் தாங்கிநிற்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இச்சொல்லை அப்படியே தமிழில் பெய்பவர் மூலத்துக்கு உண்மையாக இருப்பதாகக் கருதிக்கொண்டு அதன் பொருளைத் தலைகீழாக்கிவிடுவர். 'தன்னியல்பு' எனலே தகும்.

மூன்றாவது 'சூனியம்'. லல்லாவின் அனுபவ மொழியில் இது உயர்ந்த இடம் பெறுவது. தமிழில் இச்சொல் பேச்சுவழக்கில் பில்லிசூனியமாகித் தாழ்ந்துவிட்டது. சமய நூல்களிலோ சிவஞானசித்தியார் பரபக்கம் மறுக்கும் பௌத்தரின் கொள்கையாக நிற்கிறது. மாற்றாக 'வெளி' என்பதைச் சிலர் விரும்பக்கூடும். தாயுமானவரும் சித்தர்களும் அச்சொல்லுக்கு ஒளியேற்றியுள்ளனர். எனினும் வெளி என்றவுடன் தமிழ்க் காதுக்குச் சிதம்பரம் கேட்கும். ஆகாயத் தலமும் அதன் இரகசியமும் வந்து சேரும். லல்லாவின் சூனியத்துக்கு ஊர் இல்லை, கோயில் இல்லை. திருமூலர் ஆண்ட 'பாழ்' என்னும் சொல் கரடானது; ஆயினும் அதில் அச்சமும் விடுதலையும் ஒருங்கே உள்ளன. மூன்றனுள் அதுவே தேறத்தக்கது.

சொற்பொருளோடு இலக்கணமும் இங்கு இடர்ப்படுத்துகிறது. காஷ்மீரியில் தனிவாக்கியத்தின் வினைமுற்று இயல்பாக இரண்டாம் இடத்தில் நிற்கும். இந்திய மொழிகளில் இது அரிய பண்பு. செய்யுளில் இவ்வொழுங்கு நெகிழுமாயினும், வினை முன்னரே கூறப்பட்டு அடியின் இறுதியில் பெயரோ வினாவோ நிற்றல் வாக்கின் ஓசைக்கு இயைந்தது. தமிழில் வினை இறுதிக்குச் செல்லும். எடுத்த எடுப்பில் கேட்கவேண்டியது கடைசியில் கேட்கும்.

இதனினும் பெரியது பால் பற்றிய இழப்பு. காஷ்மீரியின் இறந்தகாலச் செயப்படுபொருள் குன்றிய வினை தன்மையிலும் பால் காட்டும். 'நான் வந்தேன்' என்பதில் வந்தவர் பெண் என்பது வினைவடிவத்திலேயே தெரியும். தமிழின் 'வந்தேன்' பால் காட்டாது. ஆகவே, தமிழில் தனித்துப் படிக்கப்படும் ஒரு வாக்கு ஆண் துறவியின் பாடலாகவே தோன்றக்கூடும். துறவு மொழியை ஆண்மொழியாகக் கேட்டுப் பழகிய செவிகள் நமக்குள்ளன. லல்லா தம் பெயரைத் தாமே பாடலில் கூறும் இடங்களை யாப்புக்காக நீக்கும் மொழிபெயர்ப்பாளர் அக்குரலின் எஞ்சிய அடையாளத்தையும் நீக்கியவராவர். நான்கு அழுத்தம் கொண்ட அடிகள் நான்காய் அமைவது வாக்கின் பொதுவடிவு. அதனை வெண்பாவில் அடக்க முயல்வதைவிட, தளை பாராத நான்கு குற்றடிகளாக விட்டு அப்பெயரைக் காப்பதே நன்று.

எப்பாடத்தை மொழிபெயர்ப்பது என்பதும் தீர்க்கவேண்டியதே. கிரியர்சனின் பதிப்பு ஒருவர் நினைவில் நின்ற பாடம். முஸ்லிம் குடும்பங்களிலும் ரேஷியர் மரபிலும் வழங்கிய வாக்குகளுக்கு அதில் இடம் கிடைத்திலது. லல்லாவின் பெயரிலும் நுந்த ரிஷியின் பெயரிலும் ஒரே பாடல் வழங்குவதும் உண்டு. அத்தகையவற்றை ஐயத்துக்குரியவை என ஒதுக்குவது பதிப்பாசிரியரின் கடமையாகலாம். மொழிபெயர்ப்பாளர்க்கோ அவையே அந்நாட்டின் இணைவாழ்வைக் காட்டுவன. 1990 முதல் பண்டிதர் பெரும்பாலோர் பள்ளத்தாக்கை விட்டு நீங்கி ஜம்முவிலும் தில்லியிலும் வாழத் தொடங்கினர். நுந்த ரிஷியின் அடக்கத்தலமான சரார்-இ-ஷரீஃப் 1995 மே மாதம் தீக்கிரையாகிப் பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது. பாடலை ஓதியோர் பிரிந்து வாழும் காலத்தில், ஒரு சாராரின் பாடத்தை மட்டும் எடுத்துச் சைவ நூலாகவோ சூஃபி நூலாகவோ தமிழர்க்கு அளிப்பது அப்பிரிவுக்குத் துணைபோவதாகும்.

தமிழ்ப் பதிப்பில் மூலத்தையும் எதிர்ப்பக்கத்தில் தமிழெழுத்தில் அச்சிடுதல் வேண்டும். காஷ்மீரியின் நடு உயிர்களே இதற்கு இடையூறாகக் கூறப்படும். அவற்றுள் உயர் நடு உயிர் தமிழ்க் குற்றியலுகரத்துக்கு ஓரளவு நெருங்கிய ஒலியுடையது. உகரத்தின்மேல் ஒரு புள்ளியிட்டுக் காட்டலாம். இடை நடு உயிருக்கு வேறொரு குறி வகுக்கவேண்டும். வர்க்க எழுத்துச் சிக்கல் எதிர்பார்க்கும் அளவுக்கு இல்லை. காஷ்மீரியில் ஒலிப்புடை மூச்சொலிகள் வழக்கிழந்துவிட்டமையால் எண்கள் கொடுத்துக் காட்டவேண்டியவை சிலவே.