விளையாட்டும் நிழற்படமும்

கல்லூரி மலர்களில் வரும் விளையாட்டு நிழற்படங்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பின: நடுவே கிண்ணம், இருமருங்கும் ஆசிரியர், பின்னே வீரர் வரிசை. இவை வெற்றியைச் சாற்றுவனவேயன்றி விளையாட்டைக் காட்டுவனவல்ல.

1878இல் மைபிரிட்ஜ் என்பார் கமராக்களை நிரைப்படுத்தி, ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒருகணம் நிலந்தொடாமையை நிறுவினார். கண் காணாததைக் காட்டுதலே இக்கலையின் பயன்.

1958இல் தோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலிற் பொற்பதக்கம் வென்றவர் யாழ்ப்பாணத்து எதிர்வீரசிங்கம். அவர்தம் ஆற்றலைப் பதக்கமணிந்த கோலம் உணர்த்துமா? குறுக்குச் சட்டத்தின்மேல் உடல் வளையும் கணமன்றோ உணர்த்தும்! பாய்ச்சலின் உச்சியில், ஏற்றம் ஓய்ந்து வீழ்ச்சி தொடங்குமுன், உடல் இமைப்பொழுது தங்கினாற்போல் நிற்கும். அதனை அறிந்தவன் எளிய கருவியாலும் தெளிந்த படம் எடுப்பான். ஆகவே கருவியினும் விளையாட்டறிவே தலையாயது.

மட்டக்களப்பு வெபர் அரங்கிற் படமெடுக்கும் மாணவர் முடிவுக்கோட்டில் மட்டும் காத்துநிற்றல் போதாது. அஞ்சலோட்டத்திற் கோல் கைமாறும் இடத்திலும், இறுதியாய் வருபவன் முகத்திலும் விளையாட்டு உண்டு. படத்தின்கீழ்ப் பெயரும் போட்டியும் ஆண்டும் பொறித்தலும் அவர் கடனே. 1978ஆம் ஆண்டுச் சூறாவளியும் நெடும்போரும் கண்ட இவ்வாவிக்கரையில், மாண்டோர்க்கும் புலம்பெயர்ந்தோர்க்கும் மலரின் ஒரு பக்கமே எஞ்சிய சான்றாதல் கூடும்.