எரிக்காமல் வைத்த கடிதங்கள்

1808இல் இங்கிலாந்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் தன் தாயின் இரண்டாவது கணவருக்குக் கடிதம் எழுதினான். அம்மாவும் மற்றவர்களும் தன் கடிதங்களை எரிக்காமல் வைத்திருக்க வேண்டும், இதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள் என்று. எட்டு வயதில் இப்படியொரு நினைப்பு! வீட்டாரும் வைத்திருந்தார்கள். காகிதத்தில் நெகட்டிவ் எடுத்து, அதிலிருந்து வேண்டியமட்டும் படம் அச்சிடும் வழியைப் பின்னாளில் கண்ட வில்லியம் ஹென்றி ஃபொக்ஸ் டால்பட்தான் அந்தப் பையன்.

அவர் எழுதியவையும் அவருக்கு வந்தவையுமாக 10,000க்கு மேற்பட்ட கடிதங்களை லரி ஷாஃப் தலைமையிலான ஆய்வாளர்கள் படியெடுத்துப் பதிப்பித்திருக்கிறார்கள். சில மாதங்களாக அவற்றுக்குள்தான் கிடக்கிறேன். டால்பட்டின் கடிதங்கள், உள்ளதைச் சொன்னால், வரட்சியானவை. வீட்டுப் பெண்கள் எழுதியவற்றில்தான் உயிர் இருக்கிறது.

1835 செப்டெம்பரில் மனைவி கொன்ஸ்டன்ஸ், வேல்ஸுக்குப் போகும்போது உங்கள் எலிப்பொறிகளையும் கொண்டு போவீர்களா என்று கேட்கிறார். லேகொக் வீட்டைச் சுற்றி அவர் வைத்துவிட்டுப் போகும் சின்ன மரப்பெட்டிக் கமராக்களுக்கு அவர் சூட்டிய பெயர் அது. 1839 தொடக்கத்தில் பாரிஸில் டகேரின் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டதும் தாய் எலிசபெத் சீமாட்டிக்குப் பொறுக்கவில்லை. ஐந்து வருஷமாகத் தெரிந்த விஷயத்தைப் போட்டிக்கு ஒருவன் வரும்வரை ஏன் ஒளித்து வைத்தாய் என்று மகனைக் கடிந்து எழுதுகிறார். பாடப்புத்தகங்கள் இதைத் தனியொரு மேதையின் கதையாக எழுதுகின்றன. கடிதங்களிலோ ஒரு வீடே பேசுகிறது.

கொன்ஸ்டன்ஸை உலகின் முதல் பெண் புகைப்படக்காரர் என்று இப்போது பட்டம் கட்டுகிறார்கள். எனக்கு அந்தப் பட்டத்தில் பெரிய ஈடுபாடில்லை. 1839 மே மாதத்தில், பாடுபட்டும் படம் சரிவரவில்லை, கழுவும்போது கெட்டுப்போகிறது என்று கணவருக்கு எழுதுகிறாரே, அந்தக் கடிதம்தான் பெரிது. சரிவராத வேலையை வேறெந்த வரலாறு எழுதி வைக்கும்?

வேல்ஸிலிருந்த உறவினர்களிடமும் இந்தப் பித்து பரவியது. டால்பட்டின் ஒன்றுவிட்ட சகோதரியான எம்மாவை மணந்த ஜோன் டில்வின் லுவெலின், அவருடைய தங்கை மேரி, மகள் தெரேசா என்று ஒரு குடும்பமே படம்பிடித்தது. 1944இல் லேகொக் வீட்டையும் ஊரையும் நேஷனல் ட்ரஸ்டுக்குக் கொடுத்தவரும் ஒரு பெண்தான், டால்பட்டின் பேத்தி மடில்டா.

பதிப்பின் பலம், கடிதங்களைத் தரம் பிரிக்காமல் திகதி வரிசையில் போட்டிருப்பது. விஞ்ஞானியின் கடிதத்துக்குப் பக்கத்தில் பிள்ளையின் காய்ச்சல் வருகிறது. வாசிக்கச் சிரமந்தான், ஆனால் தொகுப்பாளர் ‘முக்கியமானதை’ மட்டும் பொறுக்கியிருந்தால் எலிப்பொறி நமக்குக் கிடைத்திருக்குமோ தெரியாது.

இதை வாசிக்க வாசிக்க எங்கள் மூத்தம்மாதான் நினைவுக்கு வந்தா. தூரத்து ஊரில் கடை வைத்திருந்த அப்பாவுக்கு அவ எழுதியதெல்லாம் அரபுத்தமிழில். இரண்டு பேரும் மௌத்தான பிறகு கட்டுக்கட்டாகப் பெட்டியில் கிடந்தன. பேரப்பிள்ளைகள் எங்களுக்கு ஒரு வரி வாசிக்கத் தெரியாது. வீடு மாறும்போது உம்மா எல்லாவற்றையும் எரித்துவிட்டா. ஏனென்று கேட்டேன். “அரபெழுத்து மகன், காலில மிதிபடலாமா?” என்றா. அவமதிக்க அல்ல, மரியாதைக்காகத்தான் எரித்தா. நான் என்ன சொல்ல?

மூத்தம்மாவின் ஸ்டூடியோப் படம் மட்டும் சுவரில் இருக்கிறது, முக்காட்டை இழுத்துப் பிடித்தபடி. அதை எங்கே எடுத்தார்கள் என்று உம்மாவுக்கும் தெரியாது. ஒருவேளை, அவ எழுதிய ஏதாவதொரு கடுதாசியில் இருந்திருக்கும்.