அன்டால்யா: மலைக்காகப் போக வேண்டிய கடற்கரை

துருக்கியின் தெற்குக் கரையில் இருக்கும் அன்டால்யா மாகாணத்துக்குப் பெரும்பாலோர் கடலுக்காகத்தான் போகிறார்கள். அங்கே போய் நான் மயங்கியது மலையைப் பார்த்து என்றால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்! கொன்யால்டி கடற்கரையில் கூழாங்கற்கள் மேல் நின்று மேற்கே ஒருமுறை திரும்பிப் பார்த்தவர்கள் யாரும் சிரிக்க மாட்டார்கள். தண்ணீர் முடிகிற இடத்திலேயே மலை கிளம்பிவிடுகிறது. வசந்த காலத்தில் கடலில் கழுத்தளவு நீரில் நின்றுகொண்டு பனி மூடிய சிகரங்களைப் பார்க்கலாம். தஹ்தாலி சிகரத்தின் உயரம் 2,365 மீட்டர். உச்சி வரைக்கும் கேபிள் கார் போகிறது. மேலே போய் இறங்கியதும் கை விறைத்துப்போனது. கீழே ஜனங்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள்!

இந்த டாரஸ் மலைத்தொடர் பெரும்பாலும் சுண்ணாம்புக்கல். மழையும் பனியும் உள்ளே இறங்கி, பாறைக்கு அடியிலேயே ஓடி, வேறெங்கோ ஊற்றாகப் பீறிட்டு வெளிவருகின்றன. அந்த நீர் காலங்காலமாகப் படியவைத்த சுண்ணாம்புத் திட்டின் மேல்தான் அன்டால்யா நகரமே உட்கார்ந்திருக்கிறது. திட்டின் விளிம்பு வரைக்கும் ஓடிவரும் டூடன் ஆறு, சுமார் 40 மீட்டர் உயரத்திலிருந்து நேராகக் கடலுக்குள் குதிக்கிறது. கடலில் கலக்கிற ஆறுகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். குதிக்கிற ஆற்றைப் படகிலிருந்து அண்ணாந்து பார்த்து, முகமெல்லாம் சாரல் அடிக்க, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாதவரின் தோளைத் தட்டிக் கத்தினேன். அவரும் கத்திக்கொண்டுதான் இருந்தார்.

நகரத்தை நிறுவியவர் பெர்காமம் அரசர் இரண்டாம் அட்டாலஸ், கி.மு. இரண்டாம் நூற்றாண்டு. ரோமப் பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 130இல் வந்தபோது அவருக்காக எழுப்பப்பட்ட மூன்று வளைவு வாசல் வழியாகத்தான் இன்றும் பழைய நகரமான கலெய்ச்சிக்குள் நுழைகிறோம். வாசலடிக் கல்லில் வண்டிச் சக்கரங்கள் தேய்த்த பள்ளங்கள் அப்படியே இருக்கின்றன. 1207இல் செல்ஜுக் துருக்கியர் நகரைப் பிடித்தார்கள்.

அஸ்பெண்டோஸ் அரங்கத்தை எல்லோரும் புகழ்வார்கள். ரோமப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸ் காலத்தில் ஸெனோன் என்ற கட்டடக் கலைஞர் கட்டியது. மேடைச் சுவர் முழு உயரத்துக்கு நிற்கிறது. பிற்காலத்தில் செல்ஜுக்குகள் அதைப் பழுதுபார்த்துப் பயன்படுத்தியதும் அதற்கு ஒரு காரணம். நானும் புகழ்கிறேன். ஆனால் என் ஓட்டு டெர்மெஸோஸுக்குத்தான். ஆயிரம் மீட்டருக்கு மேல், மலையிடுக்கில் ஒளிந்திருக்கும் நகரம். கி.மு. 333இல் அலெக்சாண்டர் வந்து பார்த்தான். பிடிக்க முடியாமல் வேறு வழியாகப் போய்விட்டான். வண்டி நிற்கும் இடத்திலிருந்து மூச்சு வாங்க ஏறிப் போனால், பாறை விளிம்பில் ஓர் அரங்கம். பெரிதாக அகழாய்வு நடக்காததால் உடைந்த தூண்களும் கவிழ்ந்த கல் சவப்பெட்டிகளும் விழுந்த இடத்திலேயே கிடக்கின்றன. படியில் உட்கார்ந்தேன். எதிரே மலை, கீழே பள்ளத்தாக்கு. எழுந்திருக்க மனசே வரவில்லை.

கணிதம் படித்தவர்கள் பெர்கேயைத் தவறவிடக் கூடாது. கூம்பு வெட்டுகளைப் பற்றி எழுதிய அப்பொலோனியஸ் பிறந்த ஊர். அங்கே 1980இல் ஹெராக்ளிஸ் சிலையின் கீழ்ப்பாதி கிடைத்தது. மேற்பாதியோ பாஸ்டன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது! 2011இல்தான் அது திரும்பி வந்து இரண்டும் ஒன்றாயின.

எல்லாவற்றையும் விட யானர்தாஷ்! சிராலி கடற்கரைக்கு மேலே உள்ள மலைச்சரிவில், பாறைப் பிளவுகளிலிருந்து மீத்தேன் வாயு கசிந்து தானாக எரிந்துகொண்டே இருக்கிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோம எழுத்தாளர் பிளினி இந்த நெருப்பைக் குறிப்பிட்டிருக்கிறார். சிங்கமும் ஆடும் பாம்பும் சேர்ந்த, தீ கக்கும் கிமேரா கதை பிறந்தது இங்கேதான் என்கிறார்கள். இருட்டில் டார்ச்சோடு ஏறுங்கள். மேலே போனதும் டார்ச்சை அணைத்துவிடுங்கள். சரிவெங்கும் சின்னச் சின்னதாகத் தீ! ஒரு குடும்பம் அதன் மேல் கெட்டிலை வைத்துத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தது. எனக்கும் ஒரு கிளாஸ் கிடைத்தது; அப்படி ஒரு தேநீரை நான் குடித்ததே இல்லை.

ஜூலை, ஆகஸ்ட் மட்டும் வேண்டாம். வெயில் வாட்டி எடுத்துவிடும். ஏப்ரல், மே அல்லது அக்டோபர் உத்தமம். மாகாணத்தின் கிழக்குப் பக்கத்தில் அலான்யாவில் 1226இல் கட்டிய செங்கோபுரமும் செல்ஜுக் கப்பல் பட்டறையும் இருக்கின்றன. மேற்கே தெம்ரேயில் பாறையைக் குடைந்த லிசியக் கல்லறைகளும் புனித நிக்கோலஸ் தேவாலயமும் உண்டு. இரண்டு பக்கத்தையும் அவசரமாக ஓடிப் பார்க்காமல் ஏதாவது ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். எந்தப் பக்கம் போனாலும் பியாஸ் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். வெள்ளை பீன்ஸை வேகவைத்து எள் விழுது, எலுமிச்சை, பூண்டு சேர்த்துக் கலந்து, மேலே அவித்த முட்டை வைத்துத் தருவார்கள். துருக்கியின் மற்ற ஊர்களில் பியாஸுக்குப் பொதுவாக எள் விழுது சேர்ப்பதில்லை. அதை ஓர் அன்டால்யா சாப்பாட்டுக் கடைக்காரரிடம் சொன்னேன். அந்த ஊர்களுக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டார்.