கேட்காமல் இருப்பதும் மரியாதையா?
ஜான் மெக்காஹெர்னின் கடைசி நாவலை முன்வைத்து

அயர்லாந்தில் வசந்தத்துக்கு இரண்டு தேதி உண்டு. வானிலைத் துறையைக் கேட்டால் மார்ச் 1 என்பார்கள். பழைய கணக்கில் பிப்ரவரி 1, புனித பிரிஜிட் நாள். அன்றைக்குக் குளிர் விட்டிருக்காது, மரத்தில் இலையும் இருக்காது. ஆனால் டிசம்பர் நடுவில் டப்ளினில் 4 மணி சுமாருக்கே மறைந்த சூரியன் இப்போது 5 மணி வரை நிற்கும். ஆடுகள் குட்டி போடத் தொடங்கும். முந்தின நாள் மாலை கோரைப்புல்லில் சிலுவை பின்னி, வீட்டைத் தீயிலிருந்து காக்கும் என்று கதவுக்கு மேலே செருகி வைப்பார்கள். வருஷம் முழுக்க 7 மணி சுமாருக்கோ அதற்குப் பிறகோதான் சூரியன் மறையும் கோலாலம்பூரில் உட்கார்ந்து வாசிக்கும்போது, ஒரு மணி நேர வெளிச்சத்துக்கா இவ்வளவு என்று தோணும். வெளியே நின்று வேலை செய்கிறவனுக்குத்தான் அந்த ஒரு மணி நேரத்தின் அருமை தெரியும்.

2023 முதல் பிரிஜிட் நாளுக்கு அங்கே பொது விடுமுறை. ஒரு பெண்ணின் பெயரில் அந்த நாட்டுக்குக் கிடைத்த முதல் பொது விடுமுறை அது. நல்ல விஷயம்தான். ஆனால் மரபு விடுமுறையாகும்போது அதன் இனிப்பான பக்கம் மட்டும் மிஞ்சிவிடுகிற ஆபத்தும் இருக்கிறது. 2002இல் வெளிவந்த ஜான் மெக்காஹெர்னின் ‘தட் தே மே ஃபேஸ் தி ரைசிங் சன்’ நாவலுக்கும் அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அமைதியான நாவல், பருவங்களின் நாவல், மனசுக்கு இதம் என்று சொல்லியே அதை ஓரமாக வைத்துவிடுகிறோம்.

இதமாகத்தான் தொடங்குகிறது. ஈஸ்டர் காலத்துக் காலை, காற்றில்லாத ஏரி, பூசைக்கு அடிக்கும் மணி. லண்டன் வாழ்க்கையை விட்டுவிட்டு ரட்லெட்ஜும் கேட்டும் இந்த ஏரிக்கரையில் மாடு, ஆடு வளர்த்து வாழ்கிறார்கள். பக்கத்து வீட்டு ஜேம்சி கதவைத் தட்டாமல் உள்ளே வந்து ஊர்ச் செய்தி கேட்பான். நாவலில் அத்தியாயப் பிரிவே கிடையாது. கன்று பிறக்கும், புல் அறுப்பார்கள், சந்தைக்குப் போவார்கள், மறுபடியும் வசந்தம் வரும். பேட்ரிக் ரயன் கட்டத் தொடங்கிய கொட்டகை மட்டும் கடைசிவரை முடியாது. கதை எங்கே என்று தேடுகிறவர்கள் ஐம்பது பக்கத்தில் மூடிவைத்துவிடலாம். நானும் மெதுவாகத்தான் வாசித்தேன்.

பில் எவன்ஸ் வரும் இடங்களில் அந்த இதம் கலைகிறது. மத நிறுவனம் ஒன்றில் வளர்ந்து, சிறுவனாகவே பண்ணை வேலைக்கு அனுப்பப்பட்டவன். இப்போது கிழவன். ஏரியிலிருந்து வாளியில் தண்ணீர் சுமக்கிறான், வழியில் வந்து சிகரெட் கேட்கிறான். யாரும் அவனை விரட்டுவதில்லை. டீ கொடுக்கிறார்கள், சாப்பாடு கொடுக்கிறார்கள். ஒருமுறை ரட்லெட்ஜ் அவனுடைய பழைய வாழ்க்கையைப் பற்றிக் கேட்டுவிட, அவன் தாங்கமுடியாமல் நிறுத்தச் சொல்லிக் கெஞ்சுகிறான். ரட்லெட்ஜுக்குத் தான் படித்த இடத்தில் அதே மாதிரி ஒரு வேலைக்காரப் பையன் அடிவாங்கியதும், சாப்பாட்டுக்கூடமே வாய்மூடி உட்கார்ந்திருந்ததும் நினைவுக்கு வருகிறது.

அயர்லாந்தின் இத்தகைய நிறுவனங்களில் பிள்ளைகள் பட்டதை ஆராய்ந்த ஆணையத்தின் அறிக்கை 2009இல்தான் வந்தது. அரசு 1999இலேயே மன்னிப்புக் கேட்டிருந்தது. ஆனால் மெக்காஹெர்ன் காட்டுவது மன்னிப்போ விசாரணையோ நுழையாத இடத்தை. இந்த ஊரில் கேட்காமல் இருப்பதுதான் பண்பு. அந்தப் பண்பு பில் எவன்ஸுக்கு ஒரு கப் டீயைக் கொடுக்கிறது. அவனை இப்படி ஆக்கியவர்களையும் அதேதான் காப்பாற்றுகிறது.

ஜேம்சியின் சகோதரன் ஜானியின் கதையும் இப்படித்தான். ஒரு பெண்ணுக்காக, தன் வேட்டை நாய்களைச் சுட்டுவிட்டு இங்கிலாந்து போனவன். டாகன்ஹாமில் ஃபோர்டு தொழிற்சாலையில் வேலை. ஒவ்வொரு கோடையிலும் ஊருக்கு வருவான். வீட்டைச் சுத்தம் செய்து, நல்ல இறைச்சி வாங்கி, திருவிழா மாதிரி வரவேற்பார்கள். வேலை போனதும் ஊரிலேயே வந்து இருந்துவிடலாமா என்று அவன் எழுதும்போது ஜேம்சிக்கும் மேரிக்கும் தூக்கம் போய்விடுகிறது. வேண்டாம் என்று இதமாகச் சொல்லும் கடிதத்தை அவர்களுக்காக ரட்லெட்ஜ் எழுதுகிறான். அந்த வரவேற்பில் பாசம் உண்மை. திரும்பிப் போய்விடுவான் என்ற நம்பிக்கையும் அதில் சேர்ந்திருந்தது என்று அப்போதுதான் தெரிகிறது.

எனக்கு இந்த நாவலோடு சண்டையும் உண்டு. ஜான் குவின் என்கிற ஆளைப் பாருங்கள். கல்யாண நாளிலேயே விருந்தாளிகள் பார்க்கத் தன் மனைவியை அவமானப்படுத்தியவன். பிற்பகுதியில் அவன் பெண் தேடி அலைவது ஊருக்குச் சிரிப்புக் கதையாகிவிடுகிறது. ஊர் சிரிக்கட்டும், ஊர் அப்படித்தான். ஆனால் சில இடங்களில் எழுத்தாளரும் கூடவே சிரிக்கிற மாதிரி இருக்கிறது. பில் எவன்ஸுக்குக் கிடைத்த கவனம் அந்த மனைவிக்குக் கிடைக்கவில்லை.

இருந்தாலும், ஊரின் பொய்யை மறைக்கிற எழுத்தாளர் இல்லை இவர். 1965இல் இவருடைய ‘தி டார்க்’ நாவல் அயர்லாந்தில் தடைசெய்யப்பட்டது, ஆசிரியர் வேலையும் போனது. அப்படிப்பட்டவர் பிறகு தன் லீட்ரிம் மண்ணுக்கே திரும்பிவந்து, விவசாயம் பார்த்துக்கொண்டு, கோபத்தைக் கீழே வைத்துவிட்டு எழுதியது இது. கோபம் இல்லை என்பதால் எல்லாவற்றையும் மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஜானி அடுத்த முறை வந்தபோது ஊரிலேயே இறந்துபோகிறான். அவன் உடலைக் கழுவி, சவரம் செய்து, துணி உடுத்துவது ரட்லெட்ஜ்தான். வேண்டாம் என்று கடிதம் எழுதிய அதே கை. அந்தப் பகுதியில் ஒரு வார்த்தைகூட அதைச் சுட்டிக்காட்டாது. பிறகு தலை மேற்கே இருக்கும்படி குழி வெட்டுகிறார்கள், எழுந்தால் உதிக்கிற சூரியனைப் பார்ப்பான் என்று. உயிரோடு வந்தவனுக்கு இடம் கொடுக்காத ஊர், செத்தவனுக்குத் திசை பார்த்து இடம் வெட்டுகிறது. அந்த வேலையை அவர்கள் அவ்வளவு அன்பாகச் செய்வதுதான் என்னைத் தொந்தரவு செய்தது.

வாசிக்கப்போகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஏரியையும் கன்றுக்குட்டிகளையும் ரசியுங்கள், தப்பே இல்லை. பில் எவன்ஸ் கதவருகே வரும்போது மட்டும் கொஞ்சம் நின்று, அந்த வீட்டில் யார் என்ன கேட்கவில்லை என்று கவனித்துப் பாருங்கள்.