தரம் குறையாத சுருக்கம் மெய்யா?

"தரம் சிறிதும் குறையாமல் கோப்பைச் சுருக்கித் தருகிறோம்" என்று பல மென்பொருள்கள் பறைசாற்றுகின்றன. வேலப்பன்சாவடியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையோரக் கடைக்குச் சான்றிதழோடு செல்லும் மாணவரும் அதை நம்பியே செல்கிறார். இக்கூற்று எவ்வளவு தூரம் சரி என்று பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வீதம் வண்ணத்தில் ஸ்கேன் செய்தால் 2480 × 3508, அதாவது சுமார் 87 இலட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் வீதம் 2.6 கோடி பைட். விண்ணப்பத்தில் 200 கிலோபைட்டுக்கே இடம் என்றால், 130-ல் ஒரு பங்காக்க வேண்டும்!

சுருக்கம் இருவகைப்படும். "வெண்மை" என்று ஆயிரம் முறை எழுதாமல் "வெண்மை 1000" என்று குறிப்பது முதல் வகை. விரித்தால் மூலம் அப்படியே கிடைக்கும். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டென 1948-ல் கிளாட் ஷானன் நிறுவினார். அந்த எல்லையையும் தாண்டிச் சுருக்க வேண்டுமாயின் எதையாவது இழந்தே ஆகவேண்டும். இது இரண்டாம் வகை. ஜேபெக் முறை, கண் எளிதில் உணராத நுட்பங்களை எறிந்துவிடுகிறது. எறிந்தது மீளாது.

முகத்தின் படத்தில் இது குற்றமில்லை. எழுத்தில் குற்றமே. ஒரு புள்ளி மங்கினால் "பல்" என்பது "பல" ஆகிவிடுமன்றோ?

மங்கலாவது கண்ணுக்குத் தெரியும். தெரியாத பிழையும் உண்டு. 2013-ல் ஜெர்மனியைச் சேர்ந்த டேவிட் கிரீசல், சில ஜெராக்ஸ் இயந்திரங்கள் ஸ்கேன் செய்த கோப்புகளில் எண்களை மாற்றிவிடுவதைக் கண்டார். ஒரே மாதிரித் தோன்றும் எழுத்துருக்களுக்கு ஒரே படத்தைச் சேமிக்கும் ஜேபிக்2 என்னும் முறையால் 6 என்பது 8 ஆயிற்று. எழுத்து தெளிவாகவே இருந்தது, செய்திதான் பொய். பின்னர் அந்நிறுவனம் திருத்தம் வெளியிட்டது. மதிப்பெண் பட்டியலில் இப்படி நேர்ந்தால் என்னாகும்?

ஆகவே "தரம் குறையாமல்" என்பது பாதி உண்மை. எதை இழக்கிறோம் என்று சொல்வதே நேர்மை. வண்ணத்தை விட்டுச் சாம்பல் நிறத்தில் எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு; 300 புள்ளியை 150 ஆக்கினால் நான்கில் ஒரு பங்கு. இவையும் இழப்பே, ஆயினும் நாம் அறிந்து ஏற்கும் இழப்பு.

தட்டச்சு செய்ததைப் படமாக்காமல் எழுத்தாகவே வையுங்கள். "வேலப்பன்சாவடி" என்னும் சொல் யூனிகோடின் யூ.டி.எஃப்-8 முறையில் 39 பைட்டில் அடங்கும்.

சுருக்கிய கோப்பை அனுப்புமுன் ஒவ்வோர் எண்ணையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள். மூலக் கோப்பை ஒருபோதும் அழிக்காதீர்கள்.