மறையாத கை: விஞ்ஞானப் புனைவும் அதன் வாசகரும்

2021 கடந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய 'என் இனிய இயந்திரா' நடப்பது அந்த வருஷத்தில்தான். எழுதியபோது எதிர்காலமாக இருந்தது இன்று அந்த நாவலைக் கையிலெடுப்பவனுக்குப் பழங்கதை. ஒரு பிரதிக்கு இப்படி நேர்வது விமர்சனத்துக்கு அபூர்வமாகக் கிடைக்கிற சந்தர்ப்பம். காலாவதியாகிப்போன ஓர் எதிர்காலம் என்னவாக மிஞ்சுகிறது, அதை நேசித்த வாசகன் இப்போது அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறான் என்றெல்லாம் கேட்டிருக்கலாம். நம்மிடையே நடந்தது வேறு. 'வாத்தியார் அன்றே சொன்னார்' என்ற ஒரே வாக்கியம்தான் சுற்றிச்சுற்றி வந்தது. பேசும் இயந்திரம் வீட்டுக்குள் வந்துவிட்டதா, அன்றே சொன்னார். தலைவர்கள் திரையில் மட்டும் தோன்றி ஆள்கிறார்களா, அதையும் சொன்னார். ரசிகர்களின் உற்சாகத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இந்த உற்சாகம் எந்த மாதிரியான வாசிப்பு என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

காங்கேயத்துக்காரனான எனக்கு இந்தப் பாராட்டின் வடிவம் ரொம்பப் பழக்கமானது. ஊருக்குப் பக்கத்தில் சிவன்மலை சுப்பிரமணியசாமி கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்று ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. பக்தர் ஒருவரின் கனவில் முருகன் வந்து இன்ன பொருளை வை என்பார். அவர் கோயிலில் வந்து சொல்ல, சாமியிடம் பூப் போட்டுக் கேட்டு, உத்தரவானால் அந்தப் பொருள் பெட்டிக்குள் போகும். இன்னொருவருக்கு அடுத்த கனவு வரும்வரை அதுவே இருக்கும். மண், தண்ணீர், அரிசி, சைக்கிள், துப்பாக்கி என்று என்னென்னவோ அதற்குள் இருந்திருக்கின்றன. தண்ணீர் இருந்தபோதுதான் 2004இல் சுனாமி வந்தது என்று இன்றும் சொல்வார்கள்.

பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால் அந்தப் பெட்டி ஒரு அபாரமான இலக்கியக் கருவி. புழக்கத்திலுள்ள பொருளைப் புழக்கத்திலிருந்து பிரித்துக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்ததும் அது வேறாகிவிடுகிறது. உள்ளே இருக்கும் அரிசி உலையில் போடுகிற அரிசி இல்லை. ஷ்க்ளோவ்ஸ்கி 1917இல் கலையின் வேலை என்று சொன்ன பரிச்சயநீக்கத்தை எங்கள் ஊர்ச் சனங்கள் படியேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். சிக்கல் பெட்டியில் இல்லை, அதை வாசிக்கிற முறையில் இருக்கிறது. குறிப்பான் உள்ளே இருக்க, குறிப்பீடு வெளியிலிருந்து பிற்பாடு வந்து சேர்கிறது. முதலில் சம்பவம், அப்புறம் அர்த்தம். பெட்டி எதையும் சொல்வதில்லை, ஆகவே அது தவறுவதே இல்லை. ஒரு நாவலையும் இப்படி வாசிக்கலாம்தான். ஆனால் அப்படி வாசித்த மாத்திரத்தில் அந்த நாவல் வாய் மூடிவிடுகிறது. நாவல் வாதிடும், சந்தேகப்படும், தப்பாகவும் போகும். தப்பாகப் போவதற்கான உரிமை விஞ்ஞானப் புனைவுக்கு இல்லையென்றால் அது சோதிடம்.

'என் இனிய இயந்திரா' சொல்வதைக் கேட்டால் அது 2021ஐப் பற்றிப் பேசவே இல்லை என்று தோன்றுகிறது. குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி வேண்டும் என்கிற உலகத்தில் நிலா என்ற பெண்ணின் கதை நடக்கிறது. நெருக்கடி நிலைக் காலத்துக் (1975–77) கட்டாயக் கருத்தடை முகாம்களின் ஞாபகம் ஆறுவதற்குள் எழுதப்பட்ட நாவல் இது. ஜீவா என்ற சர்வாதிகாரி நாட்டை ஆள்கிறான், கடைசியில் அவன் ஆளே இல்லை, ஹோலோகிராம் பிம்பம். இதைப் படித்துக்கொண்டிருந்த தமிழ்நாடு எந்தத் தமிழ்நாடு? வெள்ளித்திரைப் பிம்பம் ஒன்று 1977 முதல் 1987 வரை முதலமைச்சராக இருந்த தமிழ்நாடு. எதிர்காலம் என்ற சாக்கில் சுஜாதா தன் வாசகர்களுக்கு முந்தாநாளையும் நேற்றையும் காட்டினார். நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ என்று எல்லாமே இரண்டெழுத்துப் பெயர்கள். முன்னெழுத்து இல்லை, பின்னொட்டு இல்லை, அப்பன் பெயரும் சாதியும் நறுக்கப்பட்ட பெயர்கள். அந்த உலகத்தின் மிகப் பெரிய கற்பனை இதுதானோ என்றுகூட எனக்குப் படுகிறது. பெயரில் மட்டும்தான் அந்தக் கற்பனை நிற்கிறது, பேச்சில் நிற்கவில்லை என்பது வேறு விஷயம். ஜீனோ என்கிற இயந்திர நாய்க்குட்டியின் கிண்டல்கூட நன்றாகப் படித்த நகர நடுத்தர வர்க்கத்துக் கிண்டல்தான். 'அன்றே சொன்னார்' வாசிப்பில் இவற்றில் ஒன்றுக்கும் இடமில்லை.

இதற்கு நேர்மாறான வாசிப்பொன்றை நான் சந்தித்தது கருத்தரங்கில் அல்ல. எங்கள் ஊரில் ஒருவர், அறுபதைத் தாண்டியவர். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கைமடியாகச் சேர்ந்து, பவர்டேபிள் டெய்லராகி, கண் பார்வை மங்கியதும் ஊர் திரும்பி இப்போது தேங்காய்க் களமொன்றில் மூட்டைக் கணக்கு எழுதுகிறார். அவரிடம் பழைய முத்து காமிக்ஸ் கட்டுக்கட்டாக இருக்கிறது. பழைய பேப்பர்க் கடைகளிலும் வாடகைப் புத்தகக் கடைகளிலும் சேர்த்தது. 1972இல் சௌந்தரபாண்டியன் சிவகாசியிலிருந்து ஆரம்பித்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. பிரிட்டனில் 'வேலியண்ட்' என்ற வாரப் பத்திரிகையில் 1962இல் தொடங்கிய தொடர் அது. ஹெசூஸ் பிளாஸ்கோ என்ற ஸ்பானிய ஓவியர் வரைந்தது. லண்டன் கதையை ஸ்பெயின்காரர் வரைய, சிவகாசியில் அச்சாகிக் காங்கேயத்துக்கு வந்தது. 1984இல் லயன் காமிக்ஸும் வந்து சேர்ந்து, 2022இல் முத்துவுக்கு ஐம்பது வயதாகி, இப்போது வழவழ தாளில் மறுபதிப்புகள் வருகின்றன. அவற்றின் விலை இவருக்குக் கட்டுப்படியாவதில்லை.

கதை தெரியாதவர்களுக்காக. ஆய்வுக்கூட உதவியாளன் ஒருவன் விபத்தில் வலது கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொள்கிறான். இன்னொரு விபத்தில் உடம்பில் மின்சாரம் பாய்கிறது. உடம்பு மறைந்துவிடுகிறது, இரும்புக்கை மட்டும் மறைவதில்லை. அவ்வளவுதான் கதை. இதில் விஞ்ஞானம் என்று ஒரு சிட்டிகைகூட இல்லை என்பது பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் அவர் என்னிடம் கேட்டது இது.

"ஏனுங்க தம்பி, கரண்டு பாஞ்சா ஒடம்பு மறையுது, செரி. போட்டிருக்கற துணி எப்படிங்க மறையும்? நூலு வேற, ஒடம்பு வேறதானுங்க?"

எச்.ஜி. வெல்ஸின் 'கண்ணுக்குத் தெரியாத மனிதன்' (1897) பற்றிச் சொன்னேன். அதில் துணி மறையாது, அந்த மனிதன் யார் கண்ணிலும் படாமல் இருக்கக் குளிரில் அம்மணமாகத்தான் அலைந்தாக வேண்டும். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அந்தாளு ரோசன பண்ணி எழுதியிருக்காருங்க. இவனுக கோட்டு சூட்டோட மறைச்சுப் போட்டானுக. பொடுசுக படிக்கற பொஸ்தகத்துல அம்மணமா ஓட உட முடியுங்களா? அதுக்கோசரம் இருக்கும்."

இரண்டு வாக்கியத்தில் ஒரு வகைமையின் உள்விதியையும், அந்த விதியை வளைக்கிற பதிப்பக நிர்ப்பந்தத்தையும் பிரித்துக் காட்டிவிட்டார். நாற்பது வருஷம் துணியோடு புழங்கிய ஆளுக்கு வருகிற சந்தேகம் அது. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு அது வரவில்லை.

டார்கோ சூவின் 1979இல் விஞ்ஞானப் புனைவை 'அறிதல்சார் அந்நியமாக்கல்' என்று வரையறுத்தார். நாம் வாழும் உலகம் அந்நியமாக்கப்பட வேண்டும், அந்த அந்நியம் அறிவுக்குப் பதில் சொல்லவும் வேண்டும். நல்ல வரையறைதான், ஆனால் அவர் வாசலில் நின்று அதீதக் கற்பனைக் கதைகளை உள்ளே விட மறுத்தார். அவற்றில் அறிதல் இல்லை என்பது அவர் கட்சி. காங்கேயத்துச் சட்டைச் சந்தேகம் இந்த வாசலைத் தகர்த்துவிடுகிறது. கதைக்குள் இருக்கும் விஞ்ஞானம் போலி. ஆனாலும் ஒப்புக்கொண்ட பொய்க்குள் விதி பிசகக்கூடாது என்று ஒரு வாசகன் பிடிவாதம் பிடிக்கிறானே, அந்தப் பிடிவாதம் அறிதல் இல்லாமல் வேறென்ன? இதற்குச் சூவினைவிடத் தொல்காப்பியர் எனக்கு உதவுகிறார். எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றான மருட்கை, அதாவது வியப்பு, நான்கிலிருந்து பிறக்கும் என்கிறார்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். ஆக்கம் என்றால் ஒன்று இன்னொன்றாக மாறுவது. எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்பதில்தான் அந்த வியப்பு. மாயாவியில் மாறாமல் நிற்பது கை.

நம் தீவிர விமர்சனத்துக்கு இந்த வியப்போடு எப்போதுமே மனத்தாங்கல். க.நா.சு. கிழித்த கோட்டுக்கு அவசியம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம் அதீதம் இல்லாமலா இருந்தது? புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யையும் 'கபாடபுர'த்தையும் என்ன செய்வது? தமிழவனின் 'ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்' 1985இல் வந்தது. மக்கோந்தோவில் ஒரு பெண் காயப்போட்ட விரிப்புகளோடு வானத்துக்குப் போனால் அது மாந்திரீக யதார்த்தம். கொங்கில் அண்ணன்மார் சாமி கதையில் படுகளத்தில் விழுந்தவர்கள் எழுந்தால் அது நாட்டார் வழக்காறு, முனைவர் பட்டம் வாங்கலாம். மேலேயிருந்து மொழிபெயர்ப்பாக வந்தாலும் கீழேயிருந்து வழக்காறாக வந்தாலும் அதீதத்துக்கு மரியாதை உண்டு. நடுவில், சிவகாசி அச்சகத்தில் மட்டித்தாளில் அடித்துப் பேருந்து நிலையக் கடையில் தொங்கினால் மட்டும் அது 'தப்பித்தல்'. கோடு பிரதிகளுக்கு நடுவில் போடப்பட்டதாகத் தெரியவில்லை. வாசிக்கிற ஆட்களுக்கு நடுவில்தான் விழுந்திருக்கிறது.

தப்பித்தல் என்ற சொல்லையே கொஞ்சம் பார்ப்போம். பன்னிரண்டு மணிநேர ஷிப்ட் முடித்து வந்து அவர் படித்த கதை எது? இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை பார்த்த ஒருவன் கையை இழக்கிறான், அவனுக்கு ஷாக் அடிக்கிறது. இதிலிருந்து எங்கே தப்பிப்பது? அவரே சொன்னார்: "நமக்குக் கரண்டு அடிச்சா ஆளே மறைஞ்சு போயிருவோமுங்க. அவனுக்குக் கையாச்சும் நிக்குது." பனியன் தொழிலில் மடித்துக் கொடுக்கிற உதவியாளுக்குப் பெயரே கைமடி. ஆள் போய்க் கை மட்டும் கணக்கில் நிற்கிற ஒரு தொழிலைப் பற்றி, அதை அறியாமலேயே, லண்டன்காரர்கள் ஒரு படக்கதை போட்டிருக்கிறார்கள். அதற்கு அந்த அர்த்தத்தைக் கொடுத்தது வாசிப்பு. நம் யதார்த்த நாவல்கள் அந்தக் கையைக் கருணையோடு வர்ணித்திருக்கின்றன. அது சுவரேறிக் குதித்துப் போகும் என்று எழுத அவற்றுக்குத் துணிவு வந்ததில்லை.

திரும்பவும் சுஜாதாவிடம் வந்தால் என் குறை இங்கேதான் இருக்கிறது. அவர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் பங்குள்ளவர். இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்பதை அவரளவு சுவாரசியமாகத் தமிழில் சொன்னவர் இல்லை. இயந்திரத்தை வடிவமைப்பவன், வைத்திருப்பவன், அதனால் ஆளப்படுகிறவன் எல்லாரும் அவர் எதிர்காலத்தில் இருக்கிறார்கள். அதன் முன்னால் நாள் முழுக்க நிற்கிறவன் இல்லை. ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு சித்த மருத்துவம் போன்ற உள்ளூர் அறிவிலிருந்து விஞ்ஞானக் கதை செய்யப் பார்த்தது, முக்கியமான முயற்சிதான். அங்கும் அறிவுக்குப் பாரம்பரியம் உண்டு, உழைப்புக்கு இல்லை.

'ரோபோ' என்ற சொல் பிறந்ததே உழைப்பில். செக் எழுத்தாளர் காரல் சாபெக் 1920இல் எழுதி 1921இல் பிராகில் மேடையேறிய நாடகத்தில் அது வருகிறது. மூலச்சொல் 'ரோபோட்டா', பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலை. சோழர் கல்வெட்டுகளில் இதற்கு நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது: வெட்டி. இன்று வெட்டிவேலை என்றால் உதவாத வேலை என்று ஆகிவிட்டது, யாருடைய பார்வையில் உதவாதது என்பது தனிக் கட்டுரை. நாம் ரோபோவை 'இயந்திரன்' என்று தமிழாக்கிக்கொண்டோம். சொல் அழகாக இருக்கிறது, வெட்டி காணாமல் போய்விட்டது.

'என் இனிய இயந்திரா'வை அவருக்கு வாசிக்கக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்தார். ஜீனோவை ரொம்பப் பிடித்திருந்தது, நிலாவுக்காகக் கவலைப்பட்டார், ஜீவா பிம்பம் என்று பாதியிலேயே ஊகித்துவிட்டதாகச் சொன்னார். அப்புறம் கேட்டார்: "நாய்க்குட்டிய எந்தக் கம்பெனிலங்க பூட்டுனாங்க? அவ்வளவு நுணுக்கமான சாமானுன்னா நெறைய கை வேணுமே. அவீக பேரும் ரண்டெழுத்துதானுங்களா?"